ஏழுமலை அமுக்கிய நாற்பது சிரிப்பு

போன செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு கம்ப்யூட்டர் திரை. அதில் வரிசையாக நாற்பது மஞ்சள் மூஞ்சிகள். நாற்பதும் சிரித்துக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கட்டிலில் அந்த மூஞ்சிகளின் சொந்தக்காரி படுத்திருந்தாள். பவித்ரா, ஒன்பது வயது. கரியாலூருக்கும் அப்பால் ஒரு மலைக் குக்கிராமம். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்க, கையில் டிரிப்ஸ் ஏற, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அங்கிள்" என்றார் டாக்டர் ஷமீம்.

இரண்டே வார்த்தைதான். அந்தத் திரையில் எனக்கும் பங்கு உண்டே!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷமீம் என் பழைய சிநேகிதரின் மகள். அப்பாவுக்கு இங்கே கடைவீதியில் ஜவுளிக்கடை. மகளோ டாக்டருக்குப் படித்துவிட்டு, வெளியூர் வேலையெல்லாம் வேண்டாமென்று இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். கல்வராயன் மலையிலிருந்து அவரிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு சிக்கிள் செல் என்று ஒரு ரத்த நோய். பிறக்கும்போதே கூட வருவது, லேசில் விட்டுப் போகாதது. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்திலெல்லாம் வலி. அதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் பாதிப் பேருக்கு வாயே திறக்காது.

அதற்குத்தான் ஓர் ஆப். காலை பத்து மணிக்கு அம்மாவின் போன் அடிக்கும். ஐந்து மூஞ்சிகள் வரும்... முதலாவது சிரிக்கும், கடைசி மூஞ்சி அழும். பிள்ளை தன் மூஞ்சியைத் தொட வேண்டும். அழுகிற மூஞ்சியைத் தொட்டால் இங்கே திரையில் சிவப்பு எரியும், நர்ஸ் உடனே போன் போடுவார். அதற்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவன் அடியேன். குத்துதா, கடுக்குதா, எரியுதா, இழுக்குதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். வலிக்குத் தமிழில் எத்தனை சொல் பார்த்தீர்களா என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அலுப்பு தட்டிய வயதில் அப்படி ஓர் ஆசை.

ஷமீம் கோபக்காரர் இல்லை. அன்றைக்குக் கோபப்பட்டார். பவித்ராவின் அம்மா அலமேலுவைக் கூப்பிட்டு, பன்னிரண்டு நாளாக வலி என்கிறீர்கள், பிறகு எதற்குத் தினமும் சிரிக்கிற மூஞ்சியை அமுக்கினீர்கள் என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நெஞ்சுக்கு ஏறியிருக்கும், பிள்ளை கையில் தங்கியிருக்காது என்றும் சொன்னார்.

அலமேலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் எங்கம்மா அமுக்குனேன்? போனு பகல்ல எங்க வூட்டுலயே இருக்காதுங்க. ஜீப்புல போயிடும்."

ஜீப்பிலா?

ஆமாம், ஜீப்பில்தான். அந்தக் குக்கிராமத்தில் டவர் கிடையாது. காலையில் ஜீப் வெள்ளிமலைக்குக் கிளம்பும்போது, ஆளாளுக்குத் தங்கள் போனை டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார். வெள்ளிமலையில் சிக்னல் கிடைத்ததும் பைக்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் கத்தும். யார் கூப்பிட்டார்கள், என்ன சேதி என்று கேட்டுவைத்துக்கொண்டு, சாயந்திரம் போனோடு சேர்த்துச் சேதியையும் பட்டுவாடா செய்வார். ஊரே அவரை நம்பி இருக்கிறது.

அலமேலுவும் நம்பினார். ஆப்பைப் போட்டுக் கொடுத்த அன்று, தினமும் ஆஸ்பத்திரிக்குச் சேதி வந்துவிடும், அவசரமென்றால் நாங்களே கூப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூஞ்சியைப் பிள்ளைதான் தொட வேண்டும் என்பது அவர் மனதில் ஏறவில்லை. சரி, தினமும் போன் போகிறது, சேதியும் போகும் என்று இருந்துவிட்டார். மகள் கால் வலியில் துடிக்கும்போதெல்லாம், அங்கே தெரிந்திருக்கும், இதோ கூப்பிடுவார்கள் என்று பன்னிரண்டு நாள் காத்திருக்கிறார். கூப்பிட்டிருந்தாலும் மணி அந்த மஞ்சப்பைக்குள்தானே அடித்திருக்கும்?

அந்த டிரைவர் வேறெங்கும் இல்லை. வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. கடைசியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அலமேலு ஓடி வந்தபோது, மற்ற சவாரியெல்லாம் இறக்கிவிட்டு, மலையிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி வந்தவர் அவர்தான்.

உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினோம். மனிதர் முகம் மலர்ந்தது.

"அதுங்களா மேடம்? நான்தாங்க. ஒரு நாளு கூட வுடலை."

அவரைக் குற்றம் சொல்ல நினைத்தால் முடியவில்லை, கேளுங்கள். ரீசார்ஜ் போட்டால் கேட்கிறான், எப்படி இருந்தது என்று. சிலிண்டர் வந்தால் கேட்கிறான். பார்சல் வந்தால் கேட்கிறான். பையில் இருக்கிற பதினோரு போனிலும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். மார்க் கம்மியாகப் போட்டால் யாரோ ஒருவனுக்கு வேலை போய்விடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். எதற்குப் பாவம் என்று எல்லாவற்றுக்கும் நல்ல மூஞ்சியாகவே அமுக்கி வந்திருக்கிறார்.

மேலே தமிழில் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எழுத்து பொடிசா இருந்துச்சுங்க சார்."

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட என் தமிழுக்கு வந்த ஒரே விமர்சனம் இதுதான்.

அப்புறம்தான் அவர் கட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார். "அப்போ இது... பாப்பாவக் கேட்டதா?" என்றார். அவர் சுவரோடு ஒட்டினாற்போல் உட்கார்ந்துவிட்டார். அலமேலுதான் போய், "நீ இன்னா பண்ணுவ, வுடுண்ணா" என்று அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத நேரத்தில், தேற்றுகிற வேலையும் அந்தப் பெண் தலையில்.

யாரைக் குறை சொல்வது? நான் மட்டும் என்ன யோக்கியம்? பேங்கில் ஒருமணி நேரம் நிற்கவைத்தவனுக்கும் ஐந்து நட்சத்திரம்தான் போடுகிறேன். தொல்லை விட்டால் போதும் என்று நான் அமுக்குகிறேன். பாவமே என்று ஏழுமலை அமுக்கினார். என்னைவிட அவர் தேவலை.

ஆப் செய்தவர்களுக்கு ஷமீம் போன் போட்டார். சிக்னல் இல்லாமலும் வேலை செய்கிற மாதிரி அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும்? ஏழுமலை காலையில் போனை வாங்கும்போதே பவித்ராவைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவள் சொல்கிற மூஞ்சியைத்தான் வெள்ளிமலையில் அமுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஏழுமலை நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதியத்துக்குமேல் வலி கொஞ்சம் இறங்கியது. ஆபத்துக் கட்டம் தாண்டியாயிற்று என்றார் ஷமீம். நான் கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வலி எப்படி இருந்தது என்று இத்தனை நாளில் யாராவது உன்னைக் கேட்டார்களா என்று கேட்டேன். பவித்ரா இல்லையென்று தலையாட்டினாள். அலமேலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போன்தான் சேதி சொல்லிவிடுமே என்று அவரும் விட்டிருந்தார்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். சொல்லு."

அவள் என் கையைப் பார்த்தாள். "போனு இல்லியே?"

"போன் வேணாம்மா. வாயால சொல்லு."

சொன்னாள். எந்த நாள் எந்த விரலில் ஆரம்பித்தது, அங்கிருந்து எப்படி முட்டிக்கு ஏறியது, எந்தப் பக்கம் ஒருக்களித்தால் கொஞ்சம் தேவலை, கேழ்வரகுக் காட்டுக்குப் போகிற அம்மாவுக்குத் தெரியாமல் வேலியைப் பிடித்துப் பிடித்து எப்படி நடந்தாள்... கால்மணி நேரம் நிறுத்தவே இல்லை. ஷமீம் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தவர், பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தபோது அவள் கேட்டாள், "நாளைக்கும் வந்து கேப்பியா தாத்தா?"

கேட்பேன் என்றேன். புதன்கிழமை போய்க் கேட்டேன். வியாழக்கிழமை மழை... போகவில்லை.