பம்புக்காரரின் ஜீப்புக் காவல்

முதல் ஜீப் களவு போன நாளிலிருந்து பம்புக்காரருக்கு மூக்கு நுனியில்தான் கோபம். தண்ணீர் பம்பு ரிப்பேர் அவர் தொழில். மோட்டாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மேட்டுத் தோட்டங்களுக்கு ஏற, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். அது போனபின் அடுத்தவன் பட்டறையில் கைகட்டி நின்ற அவமானத்தை மனுஷன் மறக்கவே இல்லை.

அதனால் இப்போதிருக்கும் கிழட்டு ஜீப்புக்கு அவர் போட்ட காவல் ராஜா வீட்டுக் கஜானாவுக்கும் இருந்திருக்காது. கிளச்சையும் ஸ்டீரிங்கையும் சேர்த்து மாட்டுச் சங்கிலி, அதில் ஒரு பூட்டு. சீட்டுக்கு அடியில் பெட்ரோலை நிறுத்த ஒரு கள்ள சுவிட்ச். கதவைத் தொட்டால் ஹாரன் ஊரைக் கூட்டும்படி ஒரு கம்பி.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒருநாளாவது இப்படிக் காவல் இருந்தீங்களா?" என்பாள் மனைவி.

"உன்னைக் கொண்டு போறவன் மறுநாளே திரும்பக் கொண்டாந்து விட்டுடுவான்டி."

அன்று காலை மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், லாரி நுழையாத சந்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கட்டில் கொண்டுபோக ஜீப்பைக் கேட்டான். தர மாட்டேன் என்றார்.

"சரி விடுங்க மாமா. நீங்க பூட்டைத் திறக்கறதுக்குள்ள எம்பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. அந்த வேகத்தில் புதுசாக ஒரு காவல் போட்டார். அந்த ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்ன கியர் ஒன்று உண்டு. அதை நடுவில் விட்டால் இன்ஜின் உறுமும், சக்கரம் அசையாது. திருடன் வண்டி கெட்டது என்று ஓடிவிடுவான். சின்னதை நடுவில் விட்டு, வழக்கம்போலப் பெரிய கியரையும் போட்டுவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

கை கழுவி வெளியே வந்தால் ஜீப் இல்லை. வெயிலில் அந்தச் சரிவுத் தெருவில் ஈ காக்கை இல்லை.

ஹாரன் கத்தவில்லையே! அப்படியானால் கம்பி இருக்கும் இடம் தெரிந்தவன்தான் எடுத்திருக்கிறான். அது தெரிந்தவன் மச்சான் ஒருத்தன்தான். காலையில் கேட்டவனும் அவன்தான். அவ்வளவுதான், அவருக்குக் கண் மண் தெரியவில்லை. நேரே மேட்டில் லாரி நிற்கிற ஸ்டாண்டுக்குப் போய், அத்தனை டிரைவர்கள் முன்னாலும் மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா, திருட்டுப் பயலே! எங்கடா ஜீப்?"

மச்சான் முகம் கறுத்தது. "கையை எடுங்க மாமா. அக்கா முகத்துக்காகப் பாக்கறேன்."

ஒருவரை ஒருவர் அடிக்கப் பாய்ந்தபோது செங்கல் சூளைக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யாருப்பா எங்க மணல் குவியல்ல ஜீப்பைக் கொண்டாந்து சொருவினது? உள்ள ஆளே இல்ல!"

எல்லாரும் சூளைக்கு ஓடினார்கள். தெருச் சரிவின் அடியில், வேலியை உடைத்துக்கொண்டு, மூக்கை மணலில் புதைத்து நின்றது ஜீப். சங்கிலி சங்கிலியாக, பூட்டு பூட்டாக. கதவுகூடத் திறக்கவில்லை. வழியில் ஒரு குழந்தை குறுக்கே வராமல் காத்தவன் கடவுள்தான்.

மச்சான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "சின்ன கியரை நடுவுல விட்டது யாரு?"

"நான்தான். பெரிய கியர் போட்டுத்தானே இருக்கு?"

"சின்னது நடுவுல இருந்தா பெரியது எப்படி மாமா சக்கரத்தைப் பிடிக்கும்? ஹேண்ட் பிரேக் செத்து எத்தனை காலமாச்சு? உங்க வண்டிய நீங்களே அவுத்து விட்டிருக்கீங்க."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

பின்னாலேயே வந்திருந்த மனைவி, "எந்தம்பியத் திருடன்னு சொன்ன வாய்க்கு இனிமே எங்கையால சோறு கிடையாது" என்றாள்.

பம்புக்காரர் பல்லைக் கடித்தார். கோபம் தீரவில்லை, ஆனால் இப்போது அதற்குப் போக வேறு ஆள் இல்லை. சூளையே அதிரக் கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்கங்கடா! அவன் திருடன் இல்ல. நான்தான் முட்டாள். போதுமா?"

"போதாது" என்றான் மச்சான். "இங்க பாதிப்பேருதான் இருக்காங்க. ஸ்டாண்டுக்கு வந்து இதே சத்தத்துல சொல்லுங்க. அப்புறம் லாரியக் கொண்டாந்து இழுக்கறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பம்புக்காரர் மேட்டில் ஏறத் தொடங்கினார்.