கோல்கீப்பரின் முழங்கால்

நான் படித்த கல்லூரியின் கோல்கீப்பருக்கு முழங்கால் வீங்கியபோது, முனீஸ்வரருக்குச் சுருட்டு கொளுத்தி வைத்தால் வீக்கம் வடிந்துவிடும் என்று நம்பினேன். கால்பந்துப் பருவம் தொடங்க ஒரு வாரமே இருந்தது. அவனை விட்டால் உருப்படியாகக் கோல் காக்க வேறு ஆளில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடி விளையாடாத என் முழங்காலும் சேர்ந்து வலித்தது. பக்கத்திலிருந்த அசாம் ஜாவா என்ற தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் போய், பதற்றத்தில் ஒரு கட்டுச் சுருட்டையும் கொளுத்திவிட்டேன்.

“காலு வீங்குனது அவனுக்கு. சாமிய ஏங்க இரும வைக்கிறீங்க?” என்றாள் கூட வந்த மனைவி.

“டாக்டர் ஆறு வாரம்னு சொல்லிட்டாரு லா. அதான் மேல்முறையீடு” என்றேன்.

முதல் ஆட்டத்தில் அவன் காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு கோல் காத்தான். நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.