இரண்டுமே முப்பத்தேழு

வெளிமாநிலத்தில், ஹடப்சர் என்ற ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தக் குழாயிலும் ரிப்போர்ட்டிலும் உள்ள பத்து இலக்க எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும் என்பது விதி. நான் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பேன். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கணக்கில் புலி என்ற திமிர்.

போன மாதம் பக்கத்திலுள்ள வானவடியிலிருந்து ஒரு பெண் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தாள். சட்டையில் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"அக்கா, நான் பி பாசிட்டிவ். இதுல ஓ பாசிட்டிவ்னு இருக்கே? நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

அவளுடைய குழாயில் இருந்த எண் 3300894172. ரிப்போர்ட்டில் இருந்தது 3300984172, அது வேறொருவருடையது. எட்டும் ஒன்பதும் இடம் மாறியிருந்தன. மறுபடி கூட்டினேன். இரண்டுமே முப்பத்தேழு. இலக்கங்கள் எப்படி இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"பரவால்லக்கா, நான்தான் பாத்துட்டேன்ல? மாத்திக் குடுங்க" என்று சிரித்தாள். யாரிடமும் புகார் சொல்லாமல் போனாள்.

அவளுக்குத் தன் ரத்தப் பிரிவு தெரிந்திருந்தது. நான் ஆறு வருடமாக இப்படிக் கூட்டித்தான் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். தங்கள் பிரிவு தெரியாதவர்கள் யாரும் இதுவரை திரும்பி வரவில்லை.