பதினான்கு பேருக்குத் தெரிந்தவர்

அந்த வரியை எழுதியவள் நான்தான். வேலை தேடித் தரும் ஒரு இணையதளத்தில் அப்போது வடிவமைப்பாளராக இருந்தேன். முன்பின் அறியாதவர்கள் அங்கே ஒருவரையொருவர் தேடிப் பிடித்து 'தொடர்பு' ஆக்கிக்கொள்வார்கள். அந்தப் பகுதி என் பொறுப்பு. மோசடி ஆட்கள் உள்ளே நுழைகிறார்கள் என்று புகார்கள் வரத் தொடங்கியதும், பார்த்தவுடன் நம்பிக்கை வரும்படி ஏதாவது செய் என்றார்கள்.

நான் முதலில் செய்தது, வேலை தேடும் எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டதுதான். அதில் ஒருத்தி தாராவிப் பெண். பி.காம். முடித்திருந்தாள். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, அம்மா மாதுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல். நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவள் என்றதும், அவள் அம்மா வேலை செய்யும் தெருவைச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த தெரு அது.

"யாரை நம்புவே?" என்று கேட்டேன்.

"பேருக்குப் பக்கத்துல வர்ற இந்தப் பச்சை டிக்கெல்லாம் யாரு வேணும்னாலும் வாங்கலாம்க்கா. எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு அவரைத் தெரியும்னா சரி. எங்க அப்பாவும் அதைத்தான் கேப்பாரு. யாருக்குத் தெரிஞ்ச ஆளுன்னு."

நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான் என்று பட்டது. ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும்: 'உங்களுக்குத் தெரிந்த இத்தனை பேருக்கு இவரைத் தெரியும்.' பக்கத்தில் அவர்களில் மூன்று பேரின் சின்ன முகங்கள். ஆங்கிலத்தில் எழுதி, இந்திக்கு ஆள் வைத்து, தமிழை நானே எழுதினேன். பேட்டி முடிந்த அன்று அந்தப் பெண்ணுக்கு என் விசிட்டிங் கார்டு கொடுத்தேன்; அவள் எனக்குத் தொடர்பு கேட்டு அனுப்பினாள். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

அந்த வரி தளத்தில் வந்த மாதம், ஜனங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது ஏகமாகக் கூடிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

அதற்கப்புறம் மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம், கீழே ஒருவர் என்னைப் பார்க்கக் காத்திருப்பதாக வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். இறங்கிப் போனேன். நாற்பத்தைந்து ஐம்பது வயது ஆள். சட்டை தோள்வரை நனைந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் கறுப்புச் சாயம். கையில் நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த விசிட்டிங் கார்டு.

"இந்தக் கார்டு வாங்கின பிள்ளைக்கு அப்பா நான்" என்றார். "பிள்ள பாங்காக்குக்கு வேலைக்குப் போயிருக்கா. பதினோரு நாளாச்சு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததே எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. போனில் ஒரு குரல் செய்தியைப் போட்டுக் காதருகே பிடித்தார். அவள் குரல்தான். கிசுகிசுத்தாள். "அப்பா, இது பாங்காக் இல்ல. வண்டியில கூட்டிட்டுப் போய் ஒரு ஆத்தைத் தாண்டிட்டாங்க. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. கேட்ல துப்பாக்கியோட ஆள் நிக்கான். அம்மாகிட்ட சொல்லாத." அதோடு நின்றுவிட்டது.

"இதுக்கு அப்புறம் பேச்சே இல்ல" என்றார். பிறகு போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்தார். கோட் போட்ட ஒரு ஆள், சிரித்த முகம். ஏதோ வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் என்று இருந்தது. கீழே என் வரி. உங்களுக்குத் தெரிந்த 14 பேருக்கு இவரைத் தெரியும். மூன்று சின்ன முகங்களில் முதலாவது முகம் என்னுடையது.

"எனக்கு இங்கிலீசு வராது. தமிழ்ல போட்டுக் காட்டுன்னு சொன்னேன். நானே வாசிச்சேன். 'இந்த அக்கா பெரிய ஆபீஸ்ல இருக்காக, இவுகளுக்குத் தெரிஞ்ச ஆளுதான்ப்பா'ன்னு சொல்லிச்சு பிள்ள. அப்புறம்தான் நானும் சரின்னேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "அந்த ஆளு நம்பர் உங்ககிட்ட இருக்குமே. ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு."

"எனக்கு அவரைத் தெரியாது" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீங்கதான?"

"நான்தான். ஆனா அவரைத் தெரியாது."

"தெரியாதுன்னா உங்க படம் இங்க எதுக்கும்மா இருக்கு?"

செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, வந்து குவிந்திருக்கும் தொடர்புக் கோரிக்கைகளையெல்லாம் கட்டைவிரலால் வரிசையாக 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போவேன். அப்படி ஒரு காலையில் இந்த ஆளையும் தட்டியிருக்கிறேன். மற்ற பதின்மூன்று பேரும் அப்படித்தான் தட்டியிருப்பார்கள். இதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது? சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். "வாசல்ல வந்து நிக்கிறவன்லாம் வீட்டாளுன்னு எழுதி ஒட்டுவியளா?" என்றார். அதையும் அவர் கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேலே ஓடி என் மேலாளரிடம் சொன்னேன். அவர் வக்கீல்களைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் அந்த ஆளின் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். போலீஸுக்குக் காட்ட அது வேண்டுமே என்று கத்தினேன். "கேட்டால் கொடுப்போம். நீ இதில் தலையிடாதே" என்றார்கள். அந்த ஆள் வேறு யாருக்கெல்லாம் எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். இருபத்தாறு பேர். அவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பலாமா என்றேன். "எதை வைத்து? ஒரு குரல் செய்தியை வைத்தா? பயம் கிளப்பிவிட்டது நாம்தான் என்று ஆகிவிடும். முதலில் விசாரிக்கட்டும்."

அந்த இருபத்தாறு பேரின் விவரத்தையும் அன்று சாயங்காலமே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். செய்யக்கூடாத காரியம். பிடிபட்டால் வேலை போகும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் அவரோடு போலீஸ் ஸ்டேஷன் போனேன். பெஞ்சில் மூன்று மணி நேரம். பெண்ணுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது, தன் இஷ்டத்தில் விமானம் ஏறியிருக்கிறாள், இதில் என்ன வழக்கு என்று முதலில் கேட்டார்கள். குரல் செய்தியைப் போட்டுக் காட்டியதும் ஒரு அதிகாரி, ஆற்றைத் தாண்டினால் எல்லை தாண்டி வேறு நாடு என்று சொல்லி எழுதிக்கொண்டார். பாங்காக்கில் இருக்கும் நம் தூதரகத்துக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. தினமும் எழுதினேன். தினமும் அதே பதில்.

அவள் அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? தாராவியில் அவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். பட்டறைக்கு மேலே ஒரே அறை, ஏணிப்படி. அந்த அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "நீ படிச்சவதான? நீ படிச்சவதான?" என்று அதையே கேட்டார். என் குர்தாவில் மாவு அப்பியிருந்தது. தட்டிவிடத் தோன்றாமல் அப்படியே ரயிலேறினேன்.

இருபத்தாறு பேரையும் கூப்பிட ஆரம்பித்தேன். மதியம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குர்லாவில் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரம் நின்று பேசுவேன். பாதிப் பேர் நான்தான் ஏமாற்றுக்காரி என்று போனை வைத்துவிட்டார்கள். இருவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருவர் என் மேல் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பதினெட்டாவது ஆள் கோபர்கைரனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்து இளைஞன்.

"நாளைக்கு ஃப்ளைட் மேடம்" என்றான். "நீங்களும் என் தொடர்புல இருக்கீங்க, உங்க படத்தைத்தான் நான் அந்த ஆளோட பக்கத்துல பார்த்தேன். இப்ப நீங்களே போகாதேன்னா எப்படி? உங்களுக்கு அவரோட என்ன சண்டையோ எனக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. அவன் வேலை விண்ணப்பத்திலிருந்து எழுதிக்கொண்ட விலாசம் என் நோட்டில் இருந்தது. அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டார். பட்டறையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தார். குர்லாவில் இருவரும் ரயிலேறினோம். வாஷிக் கழிமுகப் பாலத்தில் ரயில் ஏறியபோது, "இது மாதிரி ஆறா இருக்குமோ?" என்று ஒருமுறை கேட்டார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் அந்தப் பையனின் அம்மா. உள்ளே பெட்டி திறந்து கிடந்தது, மடித்த துணிகள், ஊறுகாய் பாட்டில்கள். நான் பேச வாயெடுத்ததும் இளைஞன் உள்ளேயிருந்து வந்து, "வாட்ச்மேனைக் கூப்பிடுவேன்" என்றான். அவன் தமிழிலிருந்து இந்திக்குத் தாவிவிட்டான், கோபத்தில்.

அவள் அப்பா என்னைத் தாண்டி முன்னால் போனார். போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, வாசலிலேயே அந்தக் குரல் செய்தியைப் போட்டார். இது பாங்காக் இல்ல. ஆத்தைத் தாண்டிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாத. மாடிப்படி முழுக்கக் கேட்டது. முடிந்ததும் மறுபடி போட்டார். மூன்றாவது முறை போடக் கை போனபோது அந்த இளைஞனின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்ணா, போதும்" என்று அழுதார்.

இளைஞன் கேட்டான்: "இது யாரு?"

"எம் மவ" என்றார்.

மறுநாள் அவன் விமானம் ஏறவில்லை.

திரும்பி வரும்போது மனசு லேசானதா என்று யாராவது கேட்டால், இல்லை. எதிர் சீட்டில் அவர் போனை மடியில் வைத்து, ஒளி அணைய அணையத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே வந்தார். வேறொருத்தர் பிள்ளையை நிறுத்தியாகிவிட்டது. தன் பிள்ளை எங்கே என்று தெரியாது.

அலுவலகத்தில் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்காவிட்டால் மாற்றவாவது சொன்னேன். 'இவரோடு வேலை செய்திருக்கிறீர்களா? நேரில் தெரியுமா?' என்று ஒவ்வொருவரையும் கேட்டு, ஆம் என்று சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது. வரைந்து காட்டினேன். சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலான பக்கங்களில் எண் பூஜ்யமாகிவிட்டது. "பூஜ்யத்தைப் பார்த்தால் யார் யாருக்கு எழுதுவார்கள்?" என்றார் மேலாளர். உண்மை அதுதானே என்றேன். என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். ராஜினாமா எழுதி வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. உள்ளே இருந்தால்தான் அந்த ஆள் வேறு பெயரில் வருகிறானா என்று பார்க்க முடியும். அதற்காக ஐந்து மாதம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவனை நான் பார்க்கவே இல்லை.

அவளிடமிருந்து மாதத்துக்கு ஒன்று, இரண்டு வார்த்தைகள் வரும். 'இருக்கேன்.' 'அடிக்கல.' ஒருமுறை வெறும் புள்ளி. அப்பா அதை எனக்கு அனுப்புவார். செம்பூர் ஸ்டேஷனில் நின்று அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இரண்டு ரயிலை விட்டேன்.

ஐந்தாவது மாதம் அந்த இடத்தில் போலீஸ் புகுந்து சோதனை போட்டதில், பல நாட்டு ஆட்களோடு அவளும் வெளியே வந்தாள். தூதரகம் ஊர் சேர்த்தது. நான் ஒரு வாரம் கழித்துத்தான் போனேன். போகவே பயமாக இருந்தது. அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"அக்கா, அங்க எனக்கு என்ன வேலை தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"போலி ப்ரொஃபைல் போடுற வேலை. கோட் போட்ட படம் ஒண்ணு தருவாங்க. ஒரு நாளைக்கு நூறு பேருக்குத் தொடர்பு கேட்டு அனுப்பணும். அனுப்பலைன்னா வெயில்ல நிக்கணும். தமிழ் தெரிஞ்சதால தமிழ் ஆளுங்களை எங்கிட்ட விட்டாங்க. நம்ம சைட்லயும் போட்டேன்க்கா. யாருமே பாக்கறதில்ல. சரின்னு தட்டிடறாங்க. நாலு நாள்ல எண்ணு ஏறிடும். அப்புறம் நான் என்ன எழுதினாலும் நம்பறாங்க."

குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சில பேரு பேரெல்லாம் ஞாபகம் இருக்கு. நான் பேசி, வரேன்னு சொன்னவங்க. போயிட்டாங்களான்னு கண்டுபிடிச்சுத் தருவீங்களா?"

பதினோரு பெயர் சொன்னாள். ஊரும் படிப்பும் சேர்த்து. மடிக்கணினியை அங்கேயே திறந்து, ஒவ்வொன்றாகத் தேடி நம்பர் எடுத்தேன். இதைக் கண்டுபிடித்து மறுநாள் அலுவலகத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், எப்படியும் அது நடந்திருக்கும். அன்று அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எட்டுப் பேர் கிளம்பவில்லை. இரண்டு பேரின் போன் அணைந்திருந்தது. பதினோராவது நம்பரை ஒரு அம்மா எடுத்தார். மதுரைப் பக்கம். "பொண்ணு வெளிநாட்டுல வேலைக்குப் போயிருக்கு. ஒன்பது நாளா பேசல. நீங்க யாரு, அவ கம்பெனியா?" என்றார்.

போனை அவள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பின்னால் அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"உங்க பொண்ணு போன மாதிரி இடத்துல இருந்துதான் நான் வந்திருக்கேம்மா" என்றாள். "அழாதீங்க. அழுதா எனக்குச் சொல்ல முடியாது. ஒரு பேனா எடுங்க. நான் சொல்றதை எழுதிக்கோங்க."