அணைந்த திரைக்கு முன்னால்

அந்தக் குளிர்காலத்தில் என் கனவுகளில் படம் வருவது நின்றுபோயிற்று. குரல் மட்டும்தான் வந்தது. மதுரையிலிருந்து அம்மா போனில் பேசுவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓர் ஆண் குரல், "தலைப்பு, இரண்டாம் நிலை, அம்மா" என்று அறிவித்துவிடும். விழித்துக்கொண்டு அப்படியே படுத்திருப்பேன். கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடு. ஹீட்டர் டொக் டொக் என்று தட்டும். கீழே தெருவில் யாரோ வாசல் பனியை வழிப்பார்கள். அதையும் அந்தக் குரல்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறது என்று அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் வேலை செய்த வேலை. நான் அப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். யாருடைய கையிலும் ஸ்மார்ட்போன் வராத காலம். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தைத் திருத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். யாருக்கும் பிடிக்காத வேலை. புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள்.

திரையில் உள்ள எழுத்தைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். பார்வையில்லாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே, மவுஸைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் வேலை செய்வார்கள். நானும் தினமும் மதியத்துக்கு மேல் திரையை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பேன். நான்கு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிடும். எங்கள் தளத்தை அப்படிக் கேட்பது, கரண்ட் போன கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டைத் தேடுவதுபோல இருந்தது. பொத்தான்களையெல்லாம் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். ஒன்றுக்கும் விளக்கம் எழுதவில்லை. அதனால் குரல் கோப்பின் பெயரையே வாசித்தது: "பொத்தான் நான்கு, இறுதி, இரண்டு." எது இறுதி, ஏன் இரண்டு? போதாக்குறைக்கு, எந்தப் பக்கம் எந்த மொழி என்று குறித்து வைக்காததால் ஆங்கிலப் பக்கங்களைப் பிரெஞ்சுக் குரல் மூக்கால் வாசித்தது. எங்கள் தெருமுனை டெப்பனரில், அதாவது பெட்டிக்கடையில், இருக்கும் பிரெஞ்சுக்காரர் என்னோடு ஆங்கிலம் பேசுவதுபோலவே இருக்கும். அந்தப் பக்கங்களைக் கட்டியவர்களைப் பற்றி நான் தமிழில் முணுமுணுத்தவற்றை இங்கே எழுத முடியாது. பக்கத்து மேசைக்காரர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்திருந்தார்கள்.

தளத்தைச் சோதித்துப் பார்க்க மாணவர்களிடம் உதவி கேட்டோம். முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பதை நெருங்கும் வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. இங்கே வந்து பல வருடம் கழித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை "நீர்" என்றார். எங்கள் ஊரில் புராண நாடகத்தில் ராஜாதான் அப்படிப் பேசுவார். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

கூடவே அவருடைய அண்ணன் வந்திருந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் அவர்கள் குடும்பம் முழுக்க ஒரே வீடு. அங்கிருந்து தன் வேனில் தங்கையை ஏற்றிவந்து இறக்குவது அவர்தான். அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், மென்பொருள் வாயைத் திறக்கும் முன்பே திரையை மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். நல்ல தெளிவான குரல்.

"நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க அண்ணை" என்றேன். அவர்கள் சொல்லும் விதம் அதற்குள் எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

"நான் இல்லாட்டி அவவுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?" என்று உண்மையாகவே கேட்டார். கோபமில்லை. தன்னைத்தான் எதற்கோ குறைசொல்கிறேனோ என்ற முகம். வாசிப்பதை நிறுத்தினார், எழுந்து போகவில்லை.

அக்காவின் கணினி வாசிக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மிக்ஸியில் போட்டு அரைத்ததுபோல இருந்தது. அவரோ தலையைச் சற்றுச் சாய்த்து, யாரோ வம்பு சொல்வதைக் கேட்பவர்போல நிதானமாகக் கேட்டார். பாடங்களுக்குப் பதிவு செய்யும் பக்கத்தில் போய் நின்றார். அங்கே எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று குரலுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மெனுவில் இருந்த அத்தனை இணைப்புகளையும் வாசித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று தளம் அவரை வெளியே தள்ளியது. அக்கா மறுபடி உள்ளே போனார். மறுபடி தள்ளியது. மூன்றாம் முறை அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

நான் அதைத் திருத்த இறங்கினேன். ஆர்வக்கோளாறு வேறு. படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதினேன். பதிவுப் பக்கத்தின் மேலே, பனி மூடிய வளாகத்தில் ஒற்றை மேப்பிள் மரம் நிற்கும் படம் ஒன்று இருந்தது. அதன் கிளை, நிழல், தூரத்தில் சிவப்புக் கோட்டுடன் நடந்துபோகும் ஆள் என்று ஒரு பத்தியே எழுதித் தள்ளினேன். அடுத்த வாரம் அக்கா கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கிறீர். ஆனால் நான் பாடம் எடுக்க வந்தனான். எனக்கேன் இப்ப மரம்?"

"எடுத்துடட்டுமா அக்கா?"

"ஓம், இஞ்சையிருந்து எடும். முதற்பக்கத்திலை வையும். அங்கை எனக்கு அவசரமில்லை, ஆறுதலாய்க் கேப்பன்."

மரத்தை இடம் மாற்றினேன். ஆனால் நேரக்கெடுவை மாற்ற எங்கள் பிரிவுத் தலைவரின் சம்மதம் வேண்டும். அவர் கியூபெக்காரர், நல்ல மனிதர், மேப்பிள் படத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். "பார்வையில்லாதவர்கள் உதவிப் பிரிவுக்குப் போன் செய்தால் ஒருவர் நிரப்பிக் கொடுத்துவிடுவாரே, எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் தோன்றியது.

பதில் மெட்ரோவில் கிடைத்தது. ஒருநாள் அண்ணனின் வேன் பழுது. நானும் அக்காவும் ஆரஞ்சுத் தடத்தில் ஒன்றாகப் போனோம். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்தத் தடம் முடியும் லவாலில் இருந்தாள், அங்கே இரவு தங்குவதாக ஏற்பாடு. ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் புறப்படும்போது மூன்று சுரத்தில் முனகும். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நனைந்த கம்பளி வாசனை, பூட்ஸிலிருந்து உருகும் பனி, எதிரே இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் பிரெஞ்சு. ரயிலே மெல்லத் தண்ணீருக்கடியில் போவதுபோல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில்தான் தலைவர் கேட்டதை அக்காவிடம் உளறிவிட்டேன்.

ஒரு நிலையம் போனது.

"என்ர மார்க்ஸ், டொக்டர் எழுதினது, வங்கிக் கடிதம், எல்லாம் அண்ணை வாசிச்சுத்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரேயொரு காதல் கடிதம் வந்தது. அதையும் அவர்தான் வாசிச்சவர்."

"எப்படி வாசிச்சார்?"

"வடிவாய்த்தான் வாசிச்சவர். ஒரு சொல்லும் விடேல்லை. பேந்து மடிச்சு என்ர கையிலை தந்திட்டு, தேத்தண்ணி போடப் போயிட்டார்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பார்த்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்பதும் உதவவில்லை.

"அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். "ஆனால் எனக்கெண்டு ஒண்டும் இல்லை, விளங்குதோ? போன் எடுத்தாலும் அதிலை ஒரு ஆள் இருக்கும். வாற பருவத்துக்கு ஒரு பாடம் இருக்கு. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் எடுக்கவேணும். பிழையான பாடமெண்டாலும் பரவாயில்லை. பிழையை நானே விடவேணும்."

என்ன பாடம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் தலைவரிடம் போய், "உங்கள் சம்பளத்தையும், நீங்கள் டாக்டரிடம் போனதையும் உங்கள் அண்ணனிடம் சொல்லித்தான் எழுதவைக்க வேண்டும் என்றால் செய்வீர்களா?" என்று கேட்டேன். அக்காவின் பேச்சை எடுக்கவில்லை. அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு தேய்ந்து, "எனக்கு அக்காதான் இருக்கிறாள். அதைவிட மோசம்" என்றார். கடைசியில் பேரம் படிந்தது. முதற்பக்கத்து மேப்பிள் அவருக்கு, பதிவுப் பக்கம் எனக்கு. நான் அதிலிருந்த அலங்காரத்தையெல்லாம் உரித்துப் போட்டேன். மெனுவைத் தாண்டிக் குதிக்க ஓர் இணைப்பு வைத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுத்தேன். நேரம் முடியப்போகிறது என்று குரல் முன்கூட்டியே சொல்லும். ஒரு விசையைத் தட்டினால் அவகாசம் நீளும். பார்ப்பதற்கு அந்தப் பக்கம் துடைத்து வைத்த தட்டுபோல ஆகிவிட்டது. கேட்பதற்கு அழகாக இருந்தது.

பதிவு தொடங்கும் நாள் மார்ச்சில் வந்தது. அக்கா வீட்டில் கணினி கூடத்தில் இருந்தது; எப்போதும் யாராவது பின்னால் நிற்பார்கள். அதனால் அக்கா மாணவர் உதவி மையத்தின் சின்ன அறைக்கு வந்தார். சாலையெல்லாம் சேறும் பனியுமாகக் குழைந்து கிடந்தது. அண்ணன் வழக்கம்போல நாற்காலியை இழுக்கப் போனார்.

"அண்ணை, நீங்கள் வெளியிலை இருங்கோ" என்றார் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரி" என்று அக்காவின் கோட்டையும் மப்ளரையும் வாங்கிக்கொண்டு நடைபாதை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அக்காவின் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்தேன். நான் கட்டிய பக்கம் அல்லவா.

"ஸ்கிரீனை ஓஃப் பண்ணிவிடும்" என்றார் அக்கா.

அது என்னையும் சேர்த்துத்தான் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சுருக்கென்றது. ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்தவளுக்கு ஓரக்கண்ணால் பார்க்கக்கூட உரிமை இல்லையா? அணைத்தேன்.

அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். எனக்கு விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. தாவுகிறார். எழுதுகிறார். தாவுகிறார். பிறகு நின்றார். ஜன்னல் விளிம்பில் தொங்கிய பனிக்கட்டி சொட்டிக்கொண்டிருந்தது. மதிய வெயில் கண்ணாடியில் கலங்கி, அறையே பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. அக்காவின் விரல்கள் விசைகளின் மேல் அசையாமல் இருந்தன. சிக்கிக்கொண்டாரா, யோசிக்கிறாரா? ஏதாவது கட்டத்துக்குப் பெயர் கொடுக்க மறந்துவிட்டேனா? கேட்டால் கெட்டது. என் கையை என் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது கிடையாது.

ஒரு விசையைத் தட்டினார். அவகாசம் கேட்கும் விசை, சத்தத்திலேயே தெரிந்தது. விசைப்பலகையில் அதன் ஓசை மட்டும் தனியாக, தடித்துக் கேட்கும். ஆக, யோசிக்கத்தான் செய்கிறார். எனக்கு அழுகை வந்தது. நேரம் கேட்கிறார், தளம் கொடுக்கிறது. இன்னும் சற்று நேரம் யோசித்தார். பிறகு இரண்டு தாவல், ஒரு என்டர்.

ஹெட்ஃபோனைக் கழற்றினார். "முடிஞ்சுது" என்றார். கன்னம் சிவந்திருந்தது. "பயமாய்க் கிடக்கு" என்று சிரித்தார்.

வெளியே அண்ணன் எழுந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கையை நுழைத்துக்கொண்டே, அவர் கேட்கும் முன்பாகவே, "பேந்து சொல்லுறன்" என்றார். வெள்ளைப் பிரம்பைத் தட்டியபடி நடைபாதையில் முன்னால் நடந்தார்.

அண்ணன் அவர் சற்றுத் தூரம் போகும்வரை பொறுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பாடம் எடுத்தவ, தங்கச்சி?" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை."

பொய் சொல்கிறேனா என்று என் முகத்தில் தேடினார்.

"பக்கத்திலைதானே இருந்தனீர்?"

"பக்கத்துலதான் இருந்தேன். திரையை அணைச்சுட்டோம்."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மெதுவாக.

"அக்காவுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அக்கா வாங்க மறந்த மப்ளர் அவர் கையிலேயே இருந்தது. அதை நிதானமாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டிப் பிடிக்க அவசரப்படாமல் பின்னால் நடந்தார்.