நட்சத்திரத்துக்கு ஈடாக யமுனா

அநியாயம் நடந்தது யமுனாவுக்கு. பர்மாவில், எங்கள் பபேடான் பேட்டைப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவள்தான் பாயின்ட் கார்ட். பந்தை மேலே கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை ஊரின் மறுகோடியிலுள்ள ஷ்வேப்யிதா அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கே கூடை கூடையாகப் போட்டுத் தள்ளும் மா கின்னை வாங்கிக்கொள்ள எங்கள் கமிட்டி கிளம்பிவிட்டது.

நான் அணியின் மேனேஜர். மேனேஜர் என்றால் பந்துப் பையைத் தூக்குவது, தண்ணீர் நிரப்புவது, பெரியவர்கள் முடிவு செய்ததைக் கடைசி ஆளாகக் கேள்விப்படுவது. ஏதோ ஒரு கமிட்டியில் 'பொண்ணுங்க பக்கம் ஒருத்தி இருக்கட்டும்' என்று உட்கார வைக்கப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டீக்கடைத் தீர்மானம்

தலைவர் முத்தையா மாமா சமூசாவைக் கடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். இரும்புக்கடைக்காரர், அணிக்குச் சட்டை வாங்கித் தருபவரும் அவரே. ஷ்வேப்யிதாவில் பந்து கொண்டுபோகிற பெண் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாளாம். அவர்களுக்கு யமுனா வேண்டுமாம். மா கின் இங்கே வந்தால் தையல் ஃபேக்டரியை விட்டுவிட்டு மாமாவின் கடையிலேயே வேலை பார்க்கலாமாம்.

எல்லாம் சரி, யமுனா? காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். ஷ்வேப்யிதாவில் பயிற்சி முடித்து பஸ் மாறி வீடு வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் அவள் அம்மா விடமாட்டார். ஆக, இந்த மாற்றம் நடந்தால் அவள் ஆட்டம் அன்றோடு முடிந்தது. "அவகிட்ட கேட்டீங்களா மாமா?" என்றேன். அவருக்கு நிஜமாகவே என் கேள்வி புரியவில்லை.

"கடையில ஆணிக்குப் பதிலா போல்ட்டு மாத்திக் குடுக்கிறோம். ஆணிகிட்டயா கேக்குறோம்?"

கோச்சின் முழங்கால்

அடுத்து கோச் கோ ஜோவைப் பிடித்தேன். அம்மா தமிழ், அப்பா பர்மியர். (கோ, மா, ஊ எல்லாம் இங்கே பேருக்கு முன்னால் போடும் மரியாதை.) கோபம் வந்தால் மட்டும் சுத்தமாகத் தமிழ் பேசுவார். யமுனா பாஸ் போடும் பந்தில் பாதி ஆளில்லாத இடத்துக்குப் போகிறது என்பது அவர் குறை. நான் விடுவேனா? "இடம் சரியான இடம்தான் கோ ஜோ. அங்கே இருக்க வேண்டிய நம்ம ஆளுங்க இன்னும் கிளம்பவே இல்லை. அது யமுனா தப்பா?" பெஞ்சில் தண்ணீர்க் குப்பிகளை அடுக்கி, யார் எங்கே ஓடியிருக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அதில் ஒரு குப்பியை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

"மா தேவி, நான் இந்த வருஷம் ஜெயிக்கிற ஆளைக் கேக்கிறேன், நீ எப்பவோ ஜெயிக்கப்போற ஆளைக் காட்டுற. அதுக்குள்ள என் முழங்கால் போயிரும்."

என் கட்சிக்காரி

யாருக்காகச் சண்டை போடுகிறோமோ அவள் அழுதால் நமக்கும் வேகம் வரும். யமுனா ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். "அம்மா விடாதுக்கா," என்றாள், அவ்வளவுதான். நான் உரிமை, மரியாதை, நியாயம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பயிற்சிக்கு ஆள் குறைந்தால் நானும் இறங்கி ஓடுவது வழக்கம். அந்த உரிமையில் "நம்ம அணிக்கு உன் அருமை தெரியலை" என்றும் சொல்லிவைத்தேன்.

"நேத்து நான் போட்டப்ப நீங்களுந்தானேக்கா அங்க இல்ல."

புலியும் கினிப்பன்றியும்

கடைசி ஆயுதத்தை வெட்கத்தோடு எடுத்தேன். இங்கே பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு உண்டு. முத்தையா மாமா கடைக்கு ஆள் எடுப்பதானாலும் முதலில் கிழமையைத்தான் கேட்பார். யமுனா திங்கட்கிழமை, புலி. மா கின் வெள்ளிக்கிழமை, கினிப்பன்றி. "புலியைக் குடுத்துட்டுக் கினிப்பன்றியை வாங்குறீங்களே மாமா, கடைத்தெருவுல என்ன சொல்வாங்க?" என்றேன். விஞ்ஞானம் படிக்கிற நான் பேசுகிற பேச்சா இது? ஆனால் மாமாவின் கையில் டீ அப்படியே நின்றது. குப்பிகளால் முடியாததைக் கினிப்பன்றி முடித்துவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர் ஈரச் சட்டையோடு வந்தார். காலையிலேயே புத்தர் கோயிலான பகோடாவுக்குப் போய், வெள்ளிக்கிழமை பிறந்தவர்களுக்கான மூலையில் இருக்கும் சிலைக்கு மா கின் பேரில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்.

"பரிகாரம் ஆயிருச்சு தேவி. இனி அதுவும் புலிதான்."

தட்டோடு போனோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய், வாழைப்பழத் தட்டோடு ஷ்வேப்யிதாவுக்குப் பஸ் ஏறினோம்: மாமா, கோ ஜோ, பின்னால் தட்டைச் சுமந்துகொண்டு நான். பெண் பார்க்கப் போவது போலவே இருந்தது. மா கின் ஃபேக்டரி விடுதி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. கோபப்படலாம் என்று போன எனக்குக் கோபப்பட இடமே கொடுக்கவில்லை.

மாமா பர்மியில் கடை வேலை, சாப்பாடு, சட்டை எண் வரைக்கும் அடுக்கினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். யமுனா இனி சாயங்காலங்களில் என்ன செய்வாள் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது மா கின், தனக்குப் பதிலாக யார் இங்கே வருகிறார்கள் என்று கேட்டாள். அவளிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை!

கோ ஜோ அலட்சியமாகச் சொன்னார்: "யமுனான்னு ஒரு சின்னப் பொண்ணு. ஆள் வர்றதுக்கு முன்னாடியே பந்தைப் போட்டுருவா."

மா கின் உரித்த வாழைப்பழத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அவளா? அவ பாஸ் போடுற இடத்துக்கு நான் முன்னாடியே ஓடி நிப்பேனே! அவ இங்க வர்றான்னா, நான் எதுக்கு ஊ முத்தையா அங்க வரணும்?"