எட்மண்டனில் ஒரு பேதி நாள்

லண்டனில் குளிர் விட்டு மரங்கள் பூக்கத் தொடங்கினால் சனங்களுக்குத் தலைகால் புரியாது. இளவெயிலுக்கே மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடப்பார்கள். அந்த வருடம் வடக்கு லண்டனில், எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வசந்தத்தோடு நித்திரையும் வந்து சேர்ந்தது. வந்ததும் நேரே அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சும்மா இருந்து நான் கண்டதில்லை. விடியுமுன் சமைத்து, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, லோன்றிக் கடையில் ஊராரின் உடுப்புத் தோய்த்து மினுக்கி, பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் வெங்காயம் உரிக்கும்போது கண் அயர்ந்தார். தொலைக்காட்சியில் ஆட்கள் கத்திச் சண்டை பிடிக்கும்போது கண் அயர்ந்தார். வசந்தம் வந்ததும் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்களே, அந்தக் களைப்பு, போகப் போகச் சரிவரும் என்றார் அப்பா. சரிவரவில்லை. ஒருநாள் அம்மா பஸ்ஸிலேயே நித்திரையாகிக் கடைசித் தரிப்பு வரை போய்விட்டார். பள்ளிக்கூட வாசலில் நானும் ஆசிரியையும் மட்டும் மிஞ்சினோம்.

மறுநாள் என் சிநேகிதி ஒரு கதை சொன்னாள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இப்படித்தான் எந்நேரமும் நித்திரை கொண்டாராம். பிறகு ஒருநாள் எழும்பவே இல்லையாம். அன்றிலிருந்து அம்மா கண்ணை மூடினால் போதும், ஓடிப்போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு நன்றாகத்தான் வரும். ஆனாலும் நம்பாமல் உலுப்பி எழுப்புவேன். அம்மா கோபிக்கவே மாட்டார். என்ன செல்லம் என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை, வசந்தத்தில் பலருக்கு வருகிற களைப்புத்தான், வெயிலில் நடக்கட்டும் என்றார். அப்பா அம்மாவைப் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப்போனார். அம்மா அங்கே மர வாங்கில் குந்தியிருந்தபடியே நித்திரையானார்.

செய்தி லண்டனின் மற்றக் கோடியில் உள்ள சட்டனுக்கு எட்டியது. அங்கே இருந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். குடும்பத்தில் முதலில் லண்டனுக்கு வந்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் வைத்தியர், சட்டத்தரணி, அரசாங்கம் எல்லாம் அவர்தான். மனிதனுக்கு வருகிற சகல கோளாறுக்கும், கணக்கில் குறைந்த புள்ளி எடுப்பது உட்பட, வயிறுதான் காரணம் என்பது அவருடைய கொள்கை. யாழ்ப்பாணத்தில் அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளி விடுமுறை விட்டதும் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேதிக்கு ஆமணக்கெண்ணெய் கொடுப்பார்களாம். அதோடு சோம்பல் பறந்துவிடுமாம். எனக்கு ஈஸ்டர் விடுமுறை விட்டதும் மாமா ஒரு பை நிறைய ஆமணக்கெண்ணெய்ப் போத்தல்களோடு வந்து இறங்கினார்.

"மாரி காலத்துக் கழிவெல்லாம் உள்ளுக்கை கிடக்கு. அதைக் கழுவிவிட்டாச் சரி," என்றார்.

ஒருவர் மட்டும் குடித்தால் அது வருத்தத்துக்குக் குடிக்கிற மருந்து, வீடே குடித்தால் அது ஒழுங்கு என்று சொல்லி, மறுநாள் காலை வெறுவயிற்றில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் சுடுகோப்பியில் கலந்து கொடுத்து, தானும் ஒரே மூச்சில் குடித்தார். பேதிக்குக் குடித்த அன்று பகலில் நித்திரை கொள்ளவே கூடாது, கொண்டால் மருந்து முறிந்துவிடும் என்று கட்டளையும் இட்டார். எனக்குப் பெரிய ஆறுதல். இனி அம்மாவை எழுப்புவதற்குச் சட்டமே என் பக்கம். காவலுக்கு நானே நின்றேன்.

மாமா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஊரில் வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு இருந்தது, ஒதுங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. எட்மண்டனில் மாடியில் ஒரே ஒரு கழிவறை. ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் மாடிப்படிகளில் வரிசையாகக் குந்தியிருந்தோம். லீவு எடுத்து நின்ற அப்பா, தான் வேலை செய்யும் பெற்றோல் செட்டில் ஏதோ அவசரம் என்று சப்பாத்து நூலைக்கூடக் கட்டாமல் ஓடினார். அங்கேயும் ஒரு கழிவறை இருந்தது. மாமா உள்ளே போனால் லேசில் வருவதில்லை. நான் கதவைத் தட்டுவேன். ஊரிலும் இவர் இப்படித்தான் என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரித்துக் களைத்தவர் கீழ்ப்படியில் என் பக்கத்தில் வந்து இருந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். அப்படியே நித்திரையாகிவிட்டார். நான் பதறிப்போய் உலுப்பினேன். எழும்பவில்லை. மாமா மேலேயிருந்து, எழுப்பு, விடாதே என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். அந்த நேரம் பெற்றோல் செட்டிலிருந்து திரும்பி உள்ளே வந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படுக்கட்டும், விடு. கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவ ராவிலை ஒழுங்காக் கண்ணை மூடி நான் காணேல்லை. வன்னியிலை சண்டைக்குள்ளை இவவின்ரை தங்கச்சிக்கு என்ன நடக்குதோ, அவளின்ரை பிள்ளையளுக்கு என்ன நடக்குதோ எண்டு விடியும் வரைக்கும் முழிச்சுக் கிடப்பா. இப்ப சண்டை நிண்டிட்டுது. தங்கச்சி வவுனியாவுக்கு வந்து, சுகமா இருக்கிறம் எண்டு ரெலிபோன் எடுத்தாளெல்லோ. இப்பத்தான் எனக்கும் விளங்குது, அண்டையிலை இருந்துதான் இவ நித்திரை கொள்ளுறா."

எழும்புவாவா என்று கேட்டேன். எழும்புவா என்றார் அப்பா. மற்றது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அம்மா தினமும் இரவில் என்னோடுதானே படுத்தார்? கண்ணை மூடிக்கொண்டுதானே கிடந்தார்?

மாமா அம்மாவின் காலடியில், கடைசிப் படியிலும் இடமில்லாமல், வெறும் நிலத்தில் இருந்தார். அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மாவும் அவருக்குத் தங்கச்சி, வன்னியில் இருந்தவவும் அவருக்குத் தங்கச்சி. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்கியது. கண்ணீர் மீசையில் வழிந்தது.

என் வயிறும் அப்போது புரண்டுகொண்டுதான் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் வயிற்றுவலி தாங்காமல் அழுவதைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"நீங்கள் முதல் போங்கோ மாமா," என்று என் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.